வாட்ஸ் அண்ணன்

அவர் வருவது காதுக்குத் தெரிவதற்கு முன்னால் ஜன்னல் கண்ணாடிக்குத் தெரிந்துவிடும். அடுத்ததாக, சமையலறை அலமாரியில் அடுக்கி வைத்த எவர்சில்வர் டம்ளர்களுக்கு. அப்புறம்தான் அந்தச் சின்ன வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பும். என்ன பாட்டு என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. நாற்பது, ஐம்பது ஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி வந்துவிடும். பாடுகிறவர் குரல் காருக்குள்ளேயே தங்கிவிடும். தெருவுக்குக் கிடைப்பதெல்லாம் ‘டும்’ மட்டுமே.

ஊருக்கு ஊர் இப்படி ஒரு வாட்ஸ் அண்ணன் இருக்கிறார். கார் செகண்ட் ஹேண்ட், டிக்கியில் இருப்பதெல்லாம் புதுசு. மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் யோசிப்பார். “உள்ள மூவாயிரம் வாட்ஸ் ஓடுது” என்பதை மட்டும் கேட்காமலே சொல்வார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, இது பரம்பரைச் சொத்து. 1990களில் டூ-இன்-ஒன் பெட்டிகளின் நெற்றியில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு வாட்ஸை நூறு நூறாக அள்ளிவிட்டார்கள். டார்ச் லைட் பேட்டரியில் ஓடுகிற பெட்டிக்குள் அத்தனை வாட்ஸ் எங்கிருந்து வந்தது என்று அப்பாக்கள் கேட்கவில்லை. பிள்ளை மட்டும் கேட்பானா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சாமான் கடைகளுக்கா பஞ்சம்? அண்ணன் அங்கே ஒரு சப்வூஃபர் பெட்டியைக் கையில் எடுக்கிறார். முன்பக்கம் தங்க எழுத்தில் 1,500 வாட்ஸ். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஆர்.எம்.எஸ். 300. ஸ்பீக்கர் மணிக்கணக்கில் தாங்குவது அந்த 300ஐத்தான். 1,500 என்பது கண்சிமிட்டும் நேரக் கணக்கு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனின் வேகத்தை வைத்து அவன் தினமும் அப்படித்தான் ஆபீஸுக்குப் போகிறான் என்று முடிவு கட்டுவது போல. கடைப் பையனுக்கு இது தெரியும்.

“அண்ணே, ஆம்ப்பும் ஆர்.எம்.எஸ். முந்நூறு பாத்துப் போட்டா போதும்ணே.”

“முந்நூறா? தம்பி, நாம என்ன நியூஸா கேக்கப் போறோம்?”

கடைசியில் இருப்பதிலேயே விலை குறைந்த, எண் பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று பில் ஆகிறது. மேலே 3,000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஓரத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றே ஒன்று. லேபிள் என்ன வேண்டுமானாலும் பேசும், ஃபியூஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. 14 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 420 வாட்ஸ். சூடாக வீணாவது போக 250 தேறினால் அண்ணனுக்கு நல்ல நேரம்.

இதோடு விட்டிருந்தால்கூட ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. முந்நூறு தாங்கும் ஸ்பீக்கருக்கு இருநூற்றைம்பது போனால் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். பையனும் ஒழுங்காகத்தான் வேலை செய்தான். ஸ்பீக்கர் வயரைக் கழற்றினான். ஹெட் யூனிட்டில் பேஸ் பூஸ்ட்டைச் சுழியமாக்கினான். வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, பென் டிரைவில் இருந்த 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டான். ஆம்ப் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்தான். 250 வாட்ஸ், 4 ஓம், பெருக்கினால் ஆயிரம், அதற்கு வர்க்கமூலம் 31.6. சின்ன ஸ்க்ரூட்ரைவரால் கெய்ன் திருகாணியை நகர்த்தி, மீட்டர் 31ஐத் தொட்டதும் கையை எடுத்துவிட்டான். “இதத் தொடாதீங்கண்ணே, இது வால்யூம் இல்ல” என்று வேறு சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அதைக் கடைசிவரை திருகிவிட்டார். திருக இடம் இருக்கும்போது எதற்கு விட்டுவைப்பது என்பது அவர் கட்சி.

ஆம்ப்பால் முடிந்ததற்கு மேல் கேட்டால் அலையின் தலையும் காலும் சப்பையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். முழுக்கச் சதுரமாகிவிட்டால் அதே ஆம்ப் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாட்ஸ் வரை உமிழப் பார்க்கும். 300 தாங்குகிற ஸ்பீக்கர் காயிலுக்கு அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் கருகாமல் என்ன செய்யும்? பெரிய ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் போய்விடும் என்று ஊரெல்லாம் பயம். திணறத் திணற ஓட்டிய சின்ன ஆம்ப்பும் அதைக் கச்சிதமாகச் செய்துமுடிக்கும்.

ஒருநாள் காரில் வார்னிஷ் கருகும் வாடை. கோனைக் கையால் அமுக்கினால் உள்ளே ‘கர்ர்’ என்று உரசல். அண்ணனின் தீர்ப்பு ஒரே சொல்தான்: “டூப்ளிகேட்.”

அடுத்து, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து இரண்டு வூஃபர்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் 4 ஓம் காயில் இரண்டு. ஓம் குறைந்தால் பவர் கூடும் என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். நான்கையும் பேரலலில் சேர்த்து 1 ஓம் ஆக்கினார். ஆம்ப் தாங்குவதோ 2 ஓம் வரைதான். ஆபத்தைச் சொல்லும் புரொடெக்ட் விளக்கு அவ்வப்போது சிவப்பாக மின்னியது. அலங்கார விளக்காக்கும் என்று கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தார். பீட்டுக்குப் பீட்டு ஹெட்லைட் மங்கியபோதும் அப்படித்தான்: “லைட்டே ஆடுது பாத்தியா!” அது ஆடவில்லை ஐயா, கரண்ட் பற்றாமல் கண்ணை மூடுகிறது.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு அது ‘கொஞ்சம் கூடுதல்’. சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். இந்தக் கணக்கை அவரிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். பத்து மடங்கு வாங்கக் கிளம்பிவிடுவார்.

குடும்பம்தான் பாவம். டிக்கி முழுக்கப் பெட்டி அடைத்துக்கொள்வதால் திருச்செந்தூர் பயணத்தில் பைகள் எல்லாம் மடியில். பின்சீட்டில் அம்மா, “நெஞ்சு படபடங்குதுடா தம்பி” என்றால், “அதான்மா பேஸ்” என்று பெருமையாகப் பதில் வரும். திண்டிவனம் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னி வூஃபர் பெட்டிக்கு அடியில் இருக்கிறது, பெட்டியோ எட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறது. உச்சி வெயிலில் குடும்பமே ரோட்டோரம் நிற்க, அண்ணன் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் மனைவி அன்று பேசியதில் அச்சில் ஏறக்கூடியது எதுவும் இல்லை.

இத்தனைக்கும் அவர் இளையராஜா பக்தர். ராஜாவின் பாட்டில் பேஸ் கிட்டார் ஏறி இறங்கி, நின்று, தனியாக ஒரு கதை சொல்லும். அண்ணன் காரில் அத்தனை சுரமும் ஒரே டும். கடைப் பையனின் பழைய காரில் பத்து அங்குல வூஃபர் ஒன்றுதான், மூடிய பெட்டி, 250 வாட்ஸ். அதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து உட்காரும். அண்ணன் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா பஞ்ச் பத்தல” என்றார்.

இப்போது காரை விற்கப் போவதாகக் கேள்வி. வாங்க நினைப்பவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் தடித்த வயரில், ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால், விலையைப் பேசுவதற்கு முன் அந்த வயரைக் கழற்றித் தரச் சொல்லுங்கள்.