சொட்டு எங்கே ஆரம்பிக்குது?
காங்கேயம் வட்டாரத்து வண்டிக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏனுங்க, நம்ம ஸ்ப்ளெண்டர் நிக்கிற இடத்துல தினமும் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஆயில் கிடக்குது. இஞ்சினை இறக்கணும்னு சொல்றாங்க. இறக்கித்தான் ஆகணுமுங்களா?
– படியூர் வாசகர்

பதில்: முதல்ல வண்டியைக் கழுவுங்க. இறக்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம். ஆயில் கசியும் இடமும் சொட்டும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. மேலே எங்கோ கசியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டில் வந்து தொங்கும். பழி போல்ட் மேல் விழும். நம்ம ஊர்ச் செம்மண்ணும் களத்துப் புழுதியும் அதில் ஒட்டி அடையாகிவிட்டால் எது எங்கே என்று மெக்கானிக்குக்கே தெரியாது. காற்றில் ஆற வேண்டிய இஞ்சின் அந்த அடையால் கூடுதலாகச் சூடேறுவது தனி நஷ்டம்.

ஆறிய இஞ்சினை டீசலும் பழைய பிரஷ்ஷும் கொண்டு தேயுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மூடிகள் சேரும் விளிம்பு எல்லாவற்றிலும் முகப்பவுடரைத் தூவுங்கள். சிவன்மலை அடிவாரம் வரை போய்த் திரும்பி வந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னாலும் இருக்கிறதோ, அதுதான் ஆரம்பம்.

டேப்பட் மூடி என்றால் ஓ-ரிங். இடப்பக்கம் செயின் ஸ்ப்ராக்கெட் பகுதி என்றால் பெரும்பாலும் கியர் ஷாஃப்ட் ஆயில் சீல். அங்கே செயின் லூப் வழிந்திருந்தாலும் ஆயில் லீக் போலவே தெரியும், கவனம். வலப்பக்கம் என்றால் கிக்கர் சீல் அல்லது கிளட்ச் கவர் பேக்கிங். இவை எதற்கும் இஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. கிராங்க் கேஸின் இரண்டு பாதியும் சேரும் நடுக்கோட்டில் கசிந்தால்தான் இறக்கிப் பிரிக்கும் வேலை.

இன்னொன்று. ஆயில் அளவு கூடிப்போனாலும் அழுத்தம் ஏறிக் கசியும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுக்குச்சியைத் துடைத்து, மரை ஏற்றாமல் சும்மா வைத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலைக் குறைப்பதே வைத்தியமாகிவிடலாம்.

கேள்வி: கியர் ஷாஃப்ட் சீலை நானே மாத்திடுவேனா?
– முத்தூர் வாசகர்

பதில்: மாத்திடுவீங்க. வண்டியை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்து வைத்தால் உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராது. கியர் லீவரையும் ஸ்ப்ராக்கெட் கவரையும் கழற்றி, சுற்றிலும் மணல் துகள் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்புங்கள். ஷாஃப்ட்டில் கீறல் விழக்கூடாது, விழுந்தால் புது சீலும் கசியும். புது சீலில் சின்ன ஸ்பிரிங் தெரியும் பக்கம் இஞ்சினைப் பார்த்து இருக்கணும். உதட்டில் ஆயில் தடவி, அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

கேள்வி: டிரெயின் போல்ட்டில் கசிவு. இறுக்கினேன், நிக்கலை. இன்னும் இறுக்கினேன், இப்போ சும்மா சுத்துது.
– ஊதியூர் வாசகர்

பதில்: மரை போயிடுச்சு. போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம். சண்டையில் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். கசிந்தது போல்ட் தளர்ந்ததால் அல்ல, அடியில் இருக்கும் வாசர் நசுங்கி முடிந்ததால். சில ரூபாய்ப் பொருள். ஆயில் மாத்தும்போதெல்லாம் அதையும் மாத்தணும். இனி லேத் பட்டறையில் மரையைப் புதுசாக வெட்டி உள்மரைச் சுருள் போடச் சொல்லுங்கள். டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டாதீங்க. ஓடும் வண்டியில் போல்ட் கழன்றால் ஆயில் முழுவதும் பின்டயர் முன்னால் கொட்டும்.

கேள்வி: ஊரே எண்ணெய் மில். இஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊத்தினா என்ன?
– வெள்ளகோவில் கல்லூரி மாணவர்

பதில்: மார்கழி விடிகாலையில் தெரியும். சுமார் 24, 25 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். உறைந்த எண்ணெயை ஆயில் பம்ப் இழுக்காது. சூட்டில் வேறு பிசினாகிப் படியும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. முதல் உலகப்போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் சுழல் இஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அது தேங்காய் எண்ணெய் மாதிரி சுலபமாக உறையாது, பெட்ரோலில் லேசில் கரையாது. அதுவும் பிசின் படியும் என்பதால் அந்த இஞ்சின்களை அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்தார்கள்.

கேள்வி: பேக்கிங்குக்குப் பதிலா அனபாண்ட் பசை மட்டும் தடவினா போதுங்களா?
– குண்டடம் வாசகர்

பதில்: போதாது. பேக்கிங் வைக்கச் சொன்ன இடத்தில் பேக்கிங். தாராளமாகத் தடவினால் உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்துபோய் ஆயில் சல்லடையை அடைக்கும். கசிவு நிற்கும், இஞ்சினும் நிற்கும்.

கேள்வி: என்னோட பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்-ல சைலன்ஸர் சேருற இடத்துல கறுப்பா ஒழுகுது. இஞ்சின் ஓட்டையா?
– நத்தக்காடையூர் வாசகி

பதில்: இல்லைங்க அம்மிணி. அது எரியாமல் வெளியேறும் டூ-டி ஆயில். சைலன்ஸர் பேக்கிங்கை மாத்தி, உள்ளே படிந்த கரியை எடுக்கச் சொல்லுங்க. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில்தான் கணக்கு. பங்கில் கைக்கு வந்தபடி ஊற்றினால் விடாதீங்க.

கேள்வி: அப்பாவோட பழைய இரும்பு இஞ்சின் புல்லட். ஒரு மாசம் நிறுத்திட்டு உதைச்சா ஆயிலைக் கக்குது. எல்லா பேக்கிங்கும் புதுசு. புல்லட்னா அப்படித்தான்னு சொல்றாங்களே?
– சென்னிமலை வாசகர்

பதில்: 1955-இல் சென்னையில் தொடங்கிய புல்லட்டைப் புது இஞ்சின் வரும்வரை இந்தச் சமாதானத்தைச் சொல்லியே ஓட்டினோம். இதற்குக் காரணம் உண்டு. அந்த இஞ்சினில் ஆயில் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்த்து வார்க்கப்பட்டது. வாரக்கணக்கில் நிற்கும்போது தொட்டி ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். உதைத்ததும் அந்த மிச்சம் மூச்சுக்குழாய் வழியே வெளியேறுகிறது. நீங்கள் மாத்தின பேக்கிங் மேல் குற்றமில்லை. நிறுத்தி வைத்த வண்டியில் அளவுக்குச்சியைப் பார்த்து "குறையுதே" என்று ஊற்றிவிடாதீர்கள். ஓடவிட்டு ஆயில் தொட்டிக்குத் திரும்பியபின் பாருங்கள். வாரம் ஒருமுறை ஓட்டினால் பாதி தொல்லை தீரும்.

இடப்பக்கப் பெரிய மூடியில் கசிந்தால் வேறு கதை. அந்த மூடி முழுவதும் நடுவில் ஒரே நட்டில் நிற்கிறது. கசிகிறதென்று நட்டை முறுக்கினால் மூடி வளைந்து விளிம்பு இன்னும் விலகும். ரப்பர் வளையத்தை மாத்தி, அளவாக இறுக்குங்கள்.

கேள்வி: படிக்காதவங்க வண்டியைப் பிரிக்கலாமா?
– பழையகோட்டை வாசகர்

பதில்: சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவை ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். பிரியுங்க. கழற்றும் வரிசையில் போல்ட்டுகளை அட்டையில் குத்தி வையுங்க.

கேள்வி: முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் வழியுது. தீபாவளி வரைக்கும் ஓட்டலாமா?
– ஊத்துக்குளி வாசகர்

பதில்: நாளைக்கே பாருங்க. அந்த ஆயில் பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. இந்தப் பக்கத்தில் அவசரம் என்று நான் சொல்வது இது ஒன்றுக்குத்தான்.

கேள்வி: வடிச்ச கழிவு ஆயிலை மாட்டுப் புண்ணுக்குப் போடலாங்களா? எங்க தோட்டத்துல பழக்கமுங்க.
– கண்ணபுரம் வாசகர்

பதில்: வேண்டாமுங்க. ஓடிக் கறுத்த ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த கசடும் இருக்கு. மாடு அதை நக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். காங்கேயம் காளையை அவ்வளவு பாடுபட்டு வளர்க்கிறீங்க. ஈ அண்டாமலிருக்க வேப்பெண்ணெய் இருக்கு, புண் ஆழமென்றால் கால்நடை மருத்துவமனை இருக்கு. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் அதை ஊற்றவும் வேண்டாம். மூடி போட்ட கேனில் சேர்த்து வையுங்க. சர்வீஸ் சென்டர்களில் கழிவு ஆயிலைப் பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புறாங்க, அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துடுங்க.