பாண்டியில் ஒரு தாவல்

கேள்வி: 'கிர்பி' வீடியோ கேம் வரிசையைப் பழையது முதல் புதியது வரை ஆடி முடிப்பவர் அதைச் சாதனை என்று சொல்லிக்கொள்ளலாமா? ஆட்டம் மிக எளிதாயிற்றே! (வாசகர், புதுச்சேரி)

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். பாண்டி என்ற பெயர் ஊருக்கும் உண்டு, கட்டம் கீறி ஓட்டாஞ்சில்லு எறிந்து நொண்டியடிக்கும் ஆட்டத்துக்கும் உண்டு என்பதால், தாவலின் அருமை புதுச்சேரிக்காரருக்குப் புதிதன்று. ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குத் தாவிச் செல்லும் 'பிளாட்ஃபார்ம்' வகையைச் சேர்ந்த கிர்பியை, மசாஹிரோ சகுராய் புதியவர்களும் முடிக்கக்கூடிய ஆட்டமாகவே வடிவமைத்தார். 1992இல் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியில் அது வெளிவந்தபோது, ஐந்தே கட்டங்கள் கொண்டதாயினும், முடித்தவர்களுக்கென்று கடினமான மறு ஆட்டமொன்றையும் உள்ளே வைத்திருந்தது. விழுங்கிய எதிரியின் ஆற்றலைத் தனதாக்கிக்கொள்ளும் திறன் 1993இல் வந்த 'கிர்பீஸ் அட்வென்சர்' ஆட்டத்தில்தான் சேர்ந்தது. நெருப்பை விழுங்கினால் நெருப்பு, வாளை விழுங்கினால் வாள் என்று ஆட்ட நாயகனான கிர்பி என்னும் உருண்டைப் பிள்ளை மாறிக்கொண்டே இருப்பதால், எளிமை சலிப்பாவதில்லை. பாண்டியிலும் தனக்கெனக் கட்டம் பிடித்தவர் அங்கே இரு காலும் ஊன்றி இளைப்பாறலாம். அதனால் எவரும் அதை ஆட்டமல்ல என்று தள்ளியதில்லை. எளிமையும் ஒரு கலைத்திறனே. 2022இல் வந்த 'கிர்பி அண்ட் தி ஃபர்காட்டன் லேண்ட்' ஆட்டத்தில் எளிய முறை, கடின முறை என இரண்டும் உள்ளன. வாசகர் எளியதிலேயே தொடங்கலாம்.