பெண்ணையைக் கேட்டீர்களா?

என் மனைவியுடன் மோட்டார் படகில் ஏறி, ஆற்றை எதிர்த்து ஒரு நாள் முழுவதும் சாவகாசமாகப் போய்வர ஆசை. எங்கே போகலாம்? (விழுப்புரம் வாசகர்)

மனைவியைக் கேட்டீர்கள், பெண்ணையைக் கேட்டீர்களா? நந்தி மலையில் ஜனித்து, சாத்தனூர் அணையில் தங்கி, கடலூருக்கு அருகே சமுத்திரத்தை அடையும் தென்பெண்ணை, வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்துவிட்டு, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையடுத்துக் கரைமீறி ஊர்களுக்குள் புகுந்தது. இரண்டுக்கும் நடுவில் படகு விட முகூர்த்தம் கிடைப்பது துர்லபம்.

மரக்காணத்திலிருந்து சென்னைக்குப் படகில் போனார்கள் என்று பாட்டி சொல்வார், மெய்தானா? (திண்டிவனம் வாசகி)

பாட்டி சொன்னது சத்தியம். சென்னை கவர்னராயிருந்த பக்கிங்காம் கோமகனின் நாமத்தைத் தாங்கி, தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்குக் கூலி தேடி வந்த ஜனங்களின் மண்வெட்டிகளால் 1877-78இல் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே இணைக்கப்பட்ட அந்த நெடுங்கால்வாயின் தென்கோடி மரக்காணமே. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள், காற்று இருந்தால் பாய் விரித்தும், காற்று ஓய்ந்தால் தோளில் வடக்கயிற்றை மாட்டிக் கரையோரம் குனிந்து நடந்த ஆட்களால் இழுக்கப்பட்டும் சென்றன. பாரதிதாசன் மாவலிபுரத்துக்குப் படகேறியதும் இக்கால்வாயில்தான். ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை அதன் பலன்.

அந்தப் பக்கம் இப்போது மோட்டார் படகு விடலாமா? (அதே வாசகி)

பூநாரைகள் சம்மதிக்குமா? மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாயிற்று. தம்பதியாய்க் கரையில் உட்காருங்கள், கட்டுச்சோறு மறவாதீர்கள்.