பாதி விலைக்காரர்

பண்ருட்டியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் இவரைப் பார்க்கலாம். முன்னால் சாய்த்து வைத்த சவுக்குக் கழிகள், நடுவில் கீற்றுக் கொட்டகை, பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒரு மெஷின். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அது பாதி விலைக்காரரின் மரவாடி. தாராளமாக உள்ளே போகலாம். டீ சொல்லுவார். தார்ப்பாய்க்கு அடியில் என்ன என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "அதுவா? புதுசு வாங்கினா ஒண்ணே முக்கால் லட்சம். நான் எவ்வளவுக்குப் பிடிச்சேன்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்துவிடுவார். எந்தத் தொகையைச் சொன்னாலும் சிரிப்பார்.

தொழில் சின்னதுதான். நிற்கிற சவுக்குத் தோப்பை மொத்தமாக விலை பேசி வாங்குவார். ஆள் விட்டு வெட்டி, நேராக இருக்கும் கழிகளைச் சாரம் கட்டுகிறவர்களுக்கும் பந்தல்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை டன் கணக்கில் காகித ஆலைக்கு அனுப்புவார். கரூர் பக்கம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையை நம்பித் தொடங்கியது. இன்று அதற்கும் சவுக்கும் தைல மரமும் லோடு லோடாக வேண்டியிருக்கிறது. அதனால் இவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஊரில் வேம்பு, புளி, பூவரசு எது சாய்ந்தாலும் முதல் போன் இவருக்குத்தான்.

மரத்தில் இவரை யாரும் ஏமாற்ற முடியாது. உருட்டு மரத்தைப் பார்த்த பார்வையிலேயே இத்தனை கன அடி என்பார். அப்புறம் டேப் பிடிப்பது எதிராளியின் மனசாந்திக்கு. சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்குவது மரவாடிகளின் கணக்கு. எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-ல் அச்சிட்ட அட்டவணையிலிருந்து வந்தது. இந்தக் கணக்கின்படி உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் சுமார் 21 சதவீதம் ஏட்டில் ஏறவே ஏறாது. பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும் போகிறது என்று அதற்குச் சமாதானம் சொல்வார்கள். அந்த 21 சதவீதம் வாங்குகிறவர் பக்கம்தான் நிற்கிறது என்பது இவருக்கு நன்றாகத் தெரியும். மரத்தின் சொந்தக்காரரிடம் இதை விளக்கிச் சொல்லும் அவசியம் இதுவரை ஏற்பட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பழைய மெஷின் முன்னால் நின்றால் போதும், கணக்கு முழுக்க மறந்துபோகும்.

ஏனென்றால் அங்கே இவர் பார்ப்பது மெஷினை அல்ல. புது விலைக்கும் கேட்ட விலைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை. புதுசு 1,75,000. வாங்கியது 80,000. ஆகவே லாபம் 95,000. இந்த லாபத்தை எந்த வங்கியிலும் போட முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறலாம். இப்படியே கணக்குப் போட்டுப் போட்டு, கடந்த சில வருஷங்களில் பல லட்சம் சம்பாதித்திருக்கிறார். கையில் காசு தங்காததுதான் அவருக்கே புரியாத மர்மம்.

எங்கேயாவது ஒரு மரவாடியை மூடுகிறார்கள் என்றால் இவருக்குத் தகவல் வந்துவிடும். லாரி என்றால் சங்ககிரி, நாமக்கல். உதிரிப் பாகம் என்றால் சென்னை புதுப்பேட்டை. போகும்போது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொள்வார். போக்குவரத்துச் செலவு, பிரியாணி, பேட்டா எல்லாம் இவருடையது. மெக்கானிக் எந்த மெஷினையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடி, "சின்ன வேலைதாண்ணே, போட்டுக்கலாம்" என்பார். அந்தச் சின்ன வேலையைப் போடப் போகிறவரும் அவர்தான் என்பதால் அவருடைய நிதானத்தில் குறை காண முடியாது.

பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீடு. திண்ணையில் கோணி விரித்து, அதன்மேல் ஆரஞ்சும் சாம்பலுமாக ஒரு செயின் சா. துடைத்து, எண்ணெய் தடவி, பளபளவென்று வைத்திருக்கிறார்கள்.

"ஒரே சீசன்தாண்ணே ஓடுச்சு. அப்புறம் சும்மாதான் கெடக்கு" என்கிறார் வீட்டுக்காரர்.

சொன்னதில் பொய் இல்லை. அந்த ஒரு சீசன் 2018 நவம்பரில் தொடங்கியது. 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளை லட்சக்கணக்கில் படுக்கப் போட்டது. வேரோடும் மண்ணோடும் கிடந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தி முடிப்பதற்குள் கைக்குக் கிடைத்த மெஷின்கள் எல்லாம் நாள் முழுக்க ஓடின. மணல் பட்டால் செயினின் பல் மழுங்கும். மழுங்கிய பல்லை வைத்து அழுத்தி அறுத்தால் செயின் ஓடும் பாரும் காயும், என்ஜினும் காயும். ஒரே சீசன்தான், ஆனால் பல சீசனுக்கான வேலை.

பாதி விலைக்காரர் மெஷினைத் தொட்டுப் பார்க்கிறார். சூடாக இருக்கிறது.

"நீங்க வர்ற நேரம் பாத்து ஒரு தடவ ஓட்டி வச்சேண்ணே. கயிறு இழுத்துச் சிரமப்பட வேணாமேன்னு."

இவருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. மெக்கானிக்கிடம் திரும்பி, "மனுஷன்னா இப்படி இருக்கணும்யா" என்கிறார். கம்ப்ரஷன் தளர்ந்த என்ஜின் ஆறிப்போய்க் கிடந்தால் எத்தனை இழுத்தாலும் முரண்டு பிடிக்கும், சூட்டோடு இழுத்தால் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ளும் என்பதை வீட்டுக்காரர் நன்றாக அறிந்தவர். இவர் இழுத்தார். பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கிடந்த தென்னந்துண்டில் வைத்தார். தூள் பறந்தது. பரிசோதனை முடிந்தது.

சைலன்சரைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. கழற்றினால் புகை வெளியேறும் துவாரம் வழியாகப் பிஸ்டனின் பக்கம் கண்ணுக்குத் தெரியும். மழமழவென்று இருந்தால் நல்லது. மேலும் கீழுமாகக் கோடு கோடாகச் சுரண்டியிருந்தால் எண்ணெய் போதாமல் ஓடிய என்ஜின். இந்த வகை என்ஜினுக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து விடுவதுதான். கம்பெனி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, மற்ற டூ-டி ஆயில் என்றால் 40 மில்லி என்பது செயின் சா செய்யும் ஸ்டில் கம்பெனியின் கணக்கு. அந்த வீட்டுக் கணக்கு, "ரெண்டு மூடி". எந்தப் பாட்டிலின் மூடி என்று யாரும் கேட்கவில்லை.

மெஷினில் ஸ்டில் என்று எழுதியிருந்தது. 1926-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆந்த்ரேயாஸ் ஸ்டில் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு இந்த மெஷின் பிறந்த விஷயம் தெரியுமா என்பது தனிக் கேள்வி. அதே நிறத்தில், அதே எழுத்தோடு போலிகள் ஏராளமாக உலவுகின்றன. ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து, "ஒரிஜினல் ஜெர்மன்" என்றார் மெக்கானிக். 14,000 சொன்னதை 11,500-க்கு முடித்தார்கள். ஊர் திரும்பி, பார், செயின், ஸ்ப்ராக்கெட், பிஸ்டன் கிட் எல்லாம் மாற்றிய பிறகு மெஷின் அருமையாக ஓடியது. பழைய மெஷினிலிருந்து மிஞ்சியது பெரும்பாலும் அந்த ஸ்டிக்கர்.

அடுத்தது, லோடைக் கவ்வித் தூக்கும் கிராப் டிராக்டர். கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. மரம் ஏற்றவும் ஆகும். இவருக்கு மீட்டரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பழைய டிராக்டர்களில் இருக்கும் மணி மீட்டர் கடிகாரம் இல்லை. என்ஜின் சுற்றை எண்ணித்தான் அது மணி காட்டும். குறித்த வேகத்தில் ஓடினால் ஒரு மணிக்கு ஒரு மணி. ஐடிலில் நின்று லோடு ஏற்றிக்கொண்டே இருந்தால் மீட்டரும் சாவகாசமாக நகரும். கேபிள் அறுந்துவிட்டால் வண்டிக்கு வயதே ஏறாது. கிளட்ச் பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா, பின்-புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது மீட்டரை விட நம்பகமானது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருக்கிறதா, கிராப்பில் மரத்தைக் கவ்வி மேலே தூக்கி என்ஜினை அணைத்தால் அது அங்கேயே நிற்கிறதா, மெல்ல மெல்லத் தரைக்கு வருகிறதா என்று பார்க்க டீ குடிக்கும் நேரம் போதும்.

டீ குடிக்கும் நேரத்தில் இவர் டீ குடித்தார். அப்புறம் ஹார்ன் அடித்துப் பார்த்தார், டயரை உதைத்தார், சீட்டில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்ததைக் காட்டியபோது, "கடன் எப்பவோ முடிஞ்சுருச்சுண்ணே, பேரு மட்டும்தான் இருக்கு" என்றார்கள். அந்தப் பெயரை எடுக்கப் பைனான்ஸ்காரர் கையெழுத்தோடு பாரம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29-ம் 30-ம் வேண்டும். இவருக்குக் கிடைத்தது முதல் சாவியும், மாற்றுச் சாவியும், சாமி படமும்.

தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் பேண்ட் சா கதை இன்னும் விசேஷம். உண்மையிலேயே நல்ல மெஷின். சக்கரத்தைக் கையால் சுற்றவிட்டுச் சாக்பீஸை ஓரத்தில் பிடித்தால் கோடு சீராக விழும், கோட்டம் இல்லை. பிளேடு அலையாது, பலகை ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலியாது. இதையெல்லாம் இவரே பார்த்துத் தெரிந்துகொண்டார், அதுவும் வாங்கிய பிறகு. இவ்வளவு நல்ல மெஷின் ஏன் இவ்வளவு மலிவு என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

அதற்குப் பதில் ஒரு பழைய வழக்கில் இருக்கிறது. 1995-ல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் காடு அழிவதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவும், அதன் வால் பிடித்து வந்த உத்தரவுகளும் நாட்டிலுள்ள மர அறுவை ஆலைகள் அத்தனையையும் லைசன்ஸ் என்ற கயிற்றில் கட்டிப்போட்டன. நினைத்தவுடன் மில் வைக்கும் காலம் அதோடு போயிற்று. மெஷின் விலைக்கு வரும். லைசன்ஸ் மெஷினோடு சேர்ந்து வண்டி ஏறி வராது. விற்றவருக்கு அது தெரியும். அதனால்தான் விற்றார். இவர் வனத்துறை அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம்தான் தார்ப்பாய் வாங்கினார். தார்ப்பாயும் பழையதுதான்.

இவருடைய கணக்கில் ஏறாத நஷ்டம் ஒன்று உண்டு. அதற்கு ரசீது கிடையாது. சவுக்கு எடை மேடையில் ஏறி டன்னாக விலை போகிற சரக்கு. வெட்டிய நிமிஷத்திலிருந்து ஈரம் வற்றிக்கொண்டே இருக்கும். கிராப் வண்டி ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து நாலு நாள் நின்றால், வெட்டிப்போட்ட மரம் நாலு நாள் வெயில் குடித்து எடை குறையும். காய்ந்த மரத்தில் பட்டையும் லேசில் உரியாது, கூலி ஏறும். வெட்டுக்கூலிக்காரர்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நிழலில் படுத்திருப்பார்கள். இவர் மெக்கானிக்குக்கு விசிறிவிட்டுக்கொண்டே, "புதுசா வாங்கியிருந்தா எட்டு லட்சம் போயிருக்கும்" என்று ஆறுதல் சொல்வார். ஆறுதல் யாருக்கு என்பது தெரியாது.

எடை குறைவதைக் கவனித்தவர் வீட்டுக்காரம்மா. எடைச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்பது அவர் வேலை. ஒரே தோப்பு, ஒரே வண்டி, அதே அளவு அடுக்கு, இரண்டாவது வாரச் சீட்டில் மட்டும் எடை இறங்கியிருக்கிறதே என்று கேட்டார். "எடை மேடையில ஏதோ கோளாறு" என்றார் இவர். அம்மா மேற்கொண்டு பேசவில்லை. மறுநாள் ஒரு நோட்டு வாங்கி, மெஷின் நின்ற நாட்களை ஒரு பக்கமும் மெக்கானிக் வாங்கிய பணத்தை மறுபக்கமும் எழுத ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் சீக்கிரம் நிரம்பின.

அப்புறம் அவர் மகளிர் குழுவில் கடன் எடுத்தார். கடலூருக்குப் பஸ் ஏறி, ஷோரூமில் பில் போட்டு, வாரண்டி கார்டோடு ஒரு புதுச் செயின் சா வாங்கி வந்தார். குழந்தைகளுக்கு இருமல் மருந்து ஊற்றும் அளவு மூடியில் 20 மில்லி ஆயில் அளந்து கலக்கிறார். ஊரில் மரம் வெட்டுகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். நாள் வாடகை 600, பெட்ரோல் தனி, செயின் கல்லில் பட்டால் அதுவும் தனி. அவருடைய முதல் வாடிக்கையாளர், தன்னுடைய ஒரிஜினல் ஜெர்மன் மறுபடியும் படுத்துவிட்டதால் வந்து நின்ற பாதி விலைக்காரர்.

"வீட்டு ஆளுக்கே அறுநூறா?"

"வீட்டு ஆளுன்னுதான் அட்வான்ஸ் கேக்கல."

பேரம் மதியச் சாப்பாடு வரை நீண்டது. கடைசியில் 550-க்கு இறங்கினார் அம்மா. மெஷின் ஆறு மணிக்குள் வீடு வந்துவிட வேண்டும், தவறினால் நூறு கூட என்ற நிபந்தனையோடு. டீக்கடையில் அந்த ஐம்பது ரூபாய் வெற்றியைப் பற்றி எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிவிட்டு, நேற்று அவர் ஏழரைக்கு வந்து சேர்ந்தார். நோட்டில் 650 என்று ஏறியிருக்கிறது.