முதலில் நிற்கட்டும், அப்புறம் பறக்கட்டும்

சைக்கிள் கேள்விகள் குவிந்துவிட்டன. திருவனந்தபுரம் தம்பானூர் வட்டாரத்தில் எல்லாருக்கும் பொன்முடி மலை ஏற ஆசை. ஏறுவதற்கு முன் எதையாவது கழற்றி மாட்ட ஆசை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் எழுதியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. வீட்டில் செலவுக் கணக்கு கேட்பார்கள் போலிருக்கிறது.

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. மலை சைக்கிளில் முதலில் எதை மாற்றலாம்? (வாசகர், தம்பானூர் பஸ் நிலையம் அருகில்)

டயரை. மிச்சத்தில் பிரேக்கை. அதற்கும் மேல் மிஞ்சினால் தொடாதீர்கள், செயின் தேயும்போது தேவைப்படும்.

நெடுமங்காடு, விதுரை, கல்லாறு என்று பொன்முடி வரை உங்களுக்குக் கிடைக்கப்போவது தார் ரோடு. பெரிய பெரிய கட்டை வைத்த டயர் அதில் உறுமும், இழுக்கும். ஈரத் தாரில் பிடிப்பும் குறைவு. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கொஞ்சம் கட்டையாகவும் உள்ள டயர் வாங்குங்கள். காற்றைக் கல்லாக அடிக்காதீர்கள். எத்தனை காற்று என்று டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். மழை நாளில் அந்த வரம்புக்குள் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

முன்பக்கம் நல்ல ஷாக் ஃபோர்க் போட்டால் வண்டியே மாறிவிடும் என்கிறான் நண்பன். (வங்கி ஊழியர், சாலை)

மாறும். முதலில் உங்கள் வங்கி இருப்பு மாறும். காற்றில் இயங்கும் ஒரு சுமாரான ஃபோர்க்கின் விலைக்கு உங்கள் சைக்கிளைப் போல இன்னொன்று வாங்கிவிடலாம். வாங்கிய பிறகு அது உள்ளே நுழையாமலும் போகும்: இப்போது வரும் பல ஃபோர்க்குகளின் தண்டு கீழே பருத்திருக்கும், பழைய ஃபிரேமின் தலைக்குழாய் மேலும் கீழும் ஒரே அகலம். நுழைந்தாலும், 80 மில்லிமீட்டர் ஆட்டத்துக்குச் செய்த ஃபிரேமில் 140 மில்லிமீட்டர் ஃபோர்க்கை மாட்டினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் சோம்பலாகும், ஃபிரேமின் வெல்டிங் மீது பாரம் ஏறும். நண்பன் தன் சைக்கிளில் மாட்டிக் காட்டட்டும்.

2023-ல் பொன்முடியில் ஆசியப் போட்டி நடந்ததே, அவர்களிடம் இருந்த மாதிரி சைக்கிள் இருந்தால் நானும் ஏறிவிடுவேனா? (கல்லூரி மாணவர், பாளையம்)

தம்பி, அவர்கள் நீங்கள் நினைக்கும் ரோட்டில் ஏறவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 26 முதல் 29 வரை மெர்ச்சிஸ்டன் எஸ்டேட்டுக்குள் மண்ணும் கல்லும் வேரும் உள்ள தடத்தில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆசிய மலை சைக்கிள் போட்டி இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பாரிஸ் ஒலிம்பிக் தகுதியும் அதில் அடங்கியிருந்தது. அந்தத் தடத்துக்குக் கார்பன் ஃபிரேமும் இரண்டு பக்க ஷாக்கும் நியாயம். உங்கள் கணக்கில் இருப்பது 22 கொண்டை ஊசி வளைவுள்ள தார் ரோடு. அவர்கள் கொண்டுவந்ததில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரே பாகம் தொடை. ஸ்பேரில் கிடைக்காது.

கம்பி டிஸ்க்கா, ஆயில் டிஸ்க்கா? (அரசு ஊழியர், வஞ்சியூர்)

ஏறும்போது யாரும் விழுவதில்லை, கால்தான் ஊன்றுகிறார்கள். இறங்கும்போதுதான் சங்கதி. அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில்.

மலிவான கம்பி டிஸ்க்கில் ஒரு பக்கத்து பேட் மட்டும் நகர்ந்து தட்டை மறுபக்கம் தள்ளும். பேட் தேயத் தேய நீங்களே திருகி நெருக்கவேண்டும். இடவப்பாதி, துலாவர்ஷ மழைகளில் நனைந்தால் உறைக்குள் கம்பி துருப்பிடித்து இறுகும். ஆயில் பிரேக்கில் தேய்மானத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்ளும், ஒரு விரல் போதும். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் மாட்ட இடம் இருந்தால் ஷிமானோவின் எம்டி200 போன்ற அடிமட்ட ஆயில் செட்டே போதும். அதற்கு மேல் போவது ஆசைக்கு.

பேட்டில் இரண்டு ஜாதி. ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், சேற்று மழையில் சீக்கிரம் கரையும். உலோக பேட் கத்தும், நாள்பட உழைக்கும். சில தட்டுகளில் ரெசின் மட்டும் என்று பொறித்திருப்பார்கள்; அதில் உலோகத்தை வைத்தால் தட்டையே தின்றுவிடும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் பழக்கதோஷத்தில் டாட் ஆயிலை ஊற்றினால் உள்ளே ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

மலை சைக்கிள் பிறந்த கதையே பிரேக் கதைதான். 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மண் சரிவில் பந்தயம் விட்டார்கள். பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்; கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் புகையாகிவிடும், மறுபடி அடைத்தாக வேண்டும். ரீபேக் என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். உங்கள் டிஸ்க்கும் சூட்டுக்கு விதிவிலக்கல்ல. வழிநெடுக அமுக்கிக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள்.

21 கியர் இருந்தும் ஏற முடியவில்லை. 27 ஆக்கலாமா? (வியாபாரி, கிழக்கேகோட்டை)

கடைக்காரர் நீங்கள், எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறலாமா? முன்னால் உள்ள மிகச் சின்னப் பல்சக்கரமும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரமும்தான் மேட்டில் உங்கள் தோழர்கள். 24-க்கு 28 என்றால் 26 அங்குல சக்கரத்தில் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 1.75 மீட்டர் போகும். பின்னால் 34 பல் உள்ள ஏழடுக்கு ஃபிரீவீலை மாட்டினால் 1.45 மீட்டர். மிதிப்பு ஆறில் ஒரு பங்கு இலேசாகிறது. செயின் சற்று நீளமாக வேண்டியிருக்கும். பின் டிரெய்லியர் 34 பல்லைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 27-க்குப் போனால் ஷிஃப்டர், செயின், பின்சக்கர ஹப் எல்லாமே மாறும்.

கார்பன் ஹேண்டில்பார் போட்டால் எடை குறையுமாமே? (பெயரும் ஊரும் வேண்டாம்)

நூறு கிராம் குறைந்தால் அதிகம். மேலே போய் இரண்டு பழம்பொரி சாப்பிட்டால் திரும்பக் கிடைத்துவிடும்.

மழையில் தம்பானூரில் ஹப் முங்கத் தண்ணீர். இதற்கு எந்த பார்ட்ஸ் நல்லது? (ரயில்வே ஊழியர்)

படகு. ஆமயிழஞ்சான் தோடு என்கிற ஓடை ஸ்டேஷனுக்கு அடியிலேயே ஓடுகிறது. 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று வெள்ளம் வடிய ஓடைகளைத் திறந்தும் பார்த்தார்கள். ஒருமுறை முங்கினாலே ஹப்பிலும், பெடல் தண்டுகள் சுழலும் பி.பி. ஆக்சிலிலும் சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிடும். அந்த வாரமே ஓவராயில் செய்து பால்ஸ் மாற்றி கிரீஸ் வையுங்கள். பி.பி. தேய்ந்திருந்தால் மட்டும் மூடிய பெட்டி வகைக்கு மாறுங்கள். அது நல்ல செலவு.

பள்ளியில் கொடுத்த சைக்கிளுக்கு மலை சைக்கிள் டயர் போடலாமா? இரண்டும் 26தானே! (மாணவி, நாகர்கோவில்)

உன் டயரில் 26 x 1 3/8 என்று இருக்கிறதா பாரம்மா. அப்படியென்றால் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். மலை சைக்கிளின் 26-க்கு 559. கடையில் இரண்டையும் 26 என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள், வீட்டில் வந்து மாட்டும்போதுதான் அழுகை. பக்கவாட்டில் மூன்று இலக்க எண் இருக்கும், அதைச் சொல்லிக் கேள்.

செயினை எப்போது மாற்றுவது? (வாசகர், மணக்காடு)

ஒரு அடி ஸ்கேலை வையுங்கள். பின்னுக்குப் பின் அரை அங்குலம், ஆகவே 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு அங்குலம் கூடினால் செயின் மட்டும் செலவு. எட்டில் ஒன்று கூடும்வரை விட்டால் ஃபிரீவீலும் சேர்ந்து செலவு.

பெடல் மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். வலது கழன்றுவிட்டது. இடது இம்மியும் அசையவில்லை. அண்டை வீட்டுக்காரர் குழாய் போட்டு நெம்பச் சொல்கிறார். (வாசகர், தம்பானூர்)

நெம்பாதீர்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். இத்தனை நேரமும் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.