இருப்புப் பதிவேட்டில் பிள்ளைகள்

பெறுநர்: கணக்குப் பிரிவு, மெட்டா நிறுவனம், மென்லோ பார்க், கலிபோர்னியா.

பொருள்: இன்ஸ்டாகிராம் – பதின்வயதுப் பிள்ளைகளை வரவில் கொண்டுவந்தது – தணிக்கைத் தடைகள் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் (தாங்கள் தந்தவை அல்ல, தாமாக வெளியே வந்தவை).

ஐயா / அம்மையீர்,

தெருவிளக்குக் கணக்கும் சிமென்ட் மூட்டைக் கணக்கும் பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். இவ்வளவு சுத்தமான பதிவேட்டை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. 13 வயதுப் பிள்ளை ஒன்றின் ‘வாழ்நாள் மதிப்பு’ சுமார் 270 டாலர் என்று உங்கள் உள் மின்னஞ்சல் ஒன்று சொல்வது அமெரிக்க வழக்கு ஆவணங்களில் வெளிவந்தது. நம் பணத்தில் இருபதாயிரத்துச் சொச்சம். எங்கள் சந்தையில் சுமாரான கறவை மாடே இதைவிட அதிகம் போகும். ஆனால் மாட்டுக்கு நாம்தான் தீவனம் போடவேண்டும். உங்கள் தொழுவத்திலோ பிள்ளைகளே ஒருவருக்கொருவர் தீவனம் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

முதல் ஐயம், இந்த 270 எந்த ஊர் விலை? 2023-இன் கடைசி மூன்று மாதத்தில் ஃபேஸ்புக் பயனர் ஒருவரால் கிடைத்த வருவாய் அமெரிக்கா, கனடாவில் 68.44 டாலர், ஆசிய-பசிபிக் பகுதியில் 5.52 டாலர் என்று நீங்களே அறிக்கை வெளியிட்டீர்கள். அந்த விகிதத்தில் இறக்கிப் பார்த்தால் எங்கள் ஆத்தூர்ப் பிள்ளை 22 டாலர்தான் தேறுகிறான். விலையில் இவ்வளவு தள்ளுபடி. தூக்கத்தில் மட்டும் கலிபோர்னியப் பிள்ளை இழக்கும் அதே அளவை இவனும் முழுசாக இழக்கிறான். ஏன் என்று விளக்கவும்.

அடுத்து, செலவுப் பக்கம். பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தன் உடலைப் பற்றிய மனக்குறையை நாம் மோசமாக்குகிறோம் என்று 2019-இல் உங்கள் ஆய்வாளர்களே எழுதிவைத்தார்கள். 2021-இல் உங்களிடம் வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் ஆவணங்களை எடுத்து வெளியே கொடுத்த பிறகுதான் உலகத்துக்கு அது தெரிந்தது. எங்கள் பக்கத்தில் செலவுச் சீட்டைத் தொலைத்துவிட்டுக் கரையானைக் கைகாட்டுவார்கள். நீங்கள் தொலைக்கவில்லை. தேதி போட்டு, வரைபடம் போட்டு, பத்திரமாகப் பூட்டிவைத்தீர்கள். வேறு பல விஷயங்களில் இன்ஸ்டாகிராம் உதவியதாகவும் பிள்ளைகள் அதே ஆய்வில் சொன்னார்கள் என்று விளக்கம் தந்திருக்கிறீர்கள். உண்மைதான். வரவைக் காட்டிச் செலவை அடிக்க முடியாது என்பது எங்கள் துறையில் அரிச்சுவடி.

வயது விஷயம். 13-க்குக் கீழே அனுமதி இல்லை என்பது உங்கள் விதி. 2019 தொடக்கத்திலிருந்து, வயது வராத பிள்ளைகள் உள்ளே இருப்பதாக 11 லட்சத்துக்கு மேல் புகார் வந்தும் கொஞ்சத்தைத்தான் மூடினீர்கள் என்று அமெரிக்க மாநிலங்களின் வழக்கு சொல்கிறது. ஒரு சிறுமி எந்தக் காணொளியில் கூடுதலாக இரண்டு நொடி நின்றாள் என்று அறிந்தவர்களுக்கு, அவள் ஆறாம் வகுப்பு என்பது மட்டும் தெரியாதாம். தணிக்கைக்காரனுக்குச் சிரிக்க உரிமை இல்லை. ஆகவே குறித்துக்கொண்டேன்.

2024 செப்டம்பரில் ‘பதின்வயதுக் கணக்கு’ கொண்டுவந்தீர்கள். 60 நிமிடமானால் நினைவூட்டல். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகளுக்கு வாய்ப்பூட்டு. பக்கத்துக் கடைக்காரரான டிக்டாக்கும் இதே 60 நிமிட வைத்தியத்தைச் செய்து பார்த்தவர்தான். பிள்ளைகள் ஒரு நாளில் செலவிட்ட நேரம் 108.5 நிமிடத்திலிருந்து 107-க்கு இறங்கியது என்பது அவருடைய உள் சோதனை முடிவு. மிச்சமான ஒன்றரை நிமிடத்தில் ஒழுங்காகப் பல் துலக்கக்கூட முடியாது. உங்கள் மருந்து எவ்வளவு இறக்கியது? அந்தத் தாளையும் இணைக்கவும்.

இடையில் ஒரு பாராட்டு. 2023 ஜூலையில் தங்கள் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் குடும்பப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டபோது, மூத்த மகள்கள் இருவரின் முகத்தையும் எமோஜிப் பொம்மை முகத்தால் மறைத்திருந்தார். சரக்கின் தன்மை அறிந்தவர் செய்யும் முன்ஜாக்கிரதை. பெற்றோர் அனைவருக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கலாம்.

கடைசித் தடைதான் பெரியது. 31.1.2024 அன்று அமெரிக்க செனட் குழுவின் விசாரணை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் படங்களை ஏந்தி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு செனட்டர் கேட்டதன்பேரில் உங்கள் தலைவர் எழுந்து அவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் பட்ட பாட்டுக்கு வருந்துகிறேன் என்றார். யாரால் பட்டார்கள் என்ற பத்தியை அவர் நிரப்பவில்லை. மறுநாள் நிறுவன வரலாற்றிலேயே முதல்முறையாகப் பங்காதாயம் அறிவித்தீர்கள். அதற்கும் மறுநாள் ஒரே நாளில் உங்கள் சந்தை மதிப்பு ஏறக்குறைய 19,700 கோடி டாலர் ஏறியது. தேதிகளுக்கு நான் காரணம் கற்பிக்கவில்லை. பங்காதாயத்துக்கு எதிரே தொகை இருக்கிறது, மன்னிப்புக்கு எதிரே இல்லை, அதைத்தான் கேட்கிறேன்.

மேற்படி தடைகளுக்கு நிவர்த்தி அறிக்கையை, உங்கள் ஆய்வுகள் அனைத்தின் மூலப் பிரதிகளோடு 15 நாள்களுக்குள் அனுப்பவும். முதலில் பொதுவில் வெளியான வழக்குப் பிரதியைப்போல் வரிவரியாகக் கறுப்பு மை பூசிய தாள்கள் ஏற்கப்படமாட்டா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளன்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.

நகல்: பயனர்கள், வயது 13 (அல்லது 13 என்று சொல்லிக்கொண்டவர்கள்) – தகவலுக்காக. அறிவிப்பு காலை 7 மணிக்குமேல் போனால் போதும். அதுவரை விழித்திருப்பவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.