குடும்பத்தோடு குடும்பமாக

டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு மதுரையிலிருந்து மாமா வந்திறங்கியிருக்கிறார். போன ஊரிலெல்லாம் ஓட்டலைக் குறை சொல்லியே பேர் வாங்கியவர்.

மாமா: ஓட்டல்ல தங்கிட்டு ஊரைப் பார்த்தேன்னு சொல்றவன் பூரா பொய்யன் மாப்ளே. எனக்கு ஒரு ஜப்பான்காரக் குடும்பம் வேணும். அவங்க திங்கிறதைத் தின்னு, அவங்க படுக்கிறதுல படுத்து, குடும்பத்தோட குடும்பமா இருக்கணும்.

மாப்பிள்ளை: தாராளமா மாமா. கிஃபு மாகாணத்துல ஷிரகாவாகோன்னு மலைக்கிராமம். புல் வேய்ஞ்ச கூரை, கூப்பின கை மாதிரி செங்குத்தா நிக்கும். 1995-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அதுல சில வீடுகள்ல குடும்பமே விருந்தாளிங்களைத் தங்க வைக்குது. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் வாடகையிலயே சேர்த்தி.

மாமா: பிரமாதம். ஒன்பது, ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தா சூடா ஏதாச்சும் போட்டுத் தருவாங்கள்ல?

மாப்பிள்ளை: ஆறு மணி வாக்குல எல்லாருக்கும் சேர்த்துப் பரிமாறிருவாங்க. நீங்க ஒன்பதுக்குப் போனா, பாத்திரமெல்லாம் கழுவிட்டு, உங்களுக்கு என்ன ஆச்சோன்னு அந்தம்மா வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

மாமா: காசு குடுக்கிறோம்ல?

மாப்பிள்ளை: குடும்பம் வேணும்னீங்களே. குடும்பத்துல எவன் மாமா ராத்திரி ஒன்பதரைக்கு வந்து சூடாக் கேப்பான்?

மாமா: ஏன், நம்ம வீட்ல நான் கேக்கிறேனே!

மாப்பிள்ளை: அதான் அத்தை டிக்கெட் போட்டு இங்க அனுப்பி வெச்சிருக்காங்க.

மாமா: அதை விடு. நான் சுத்த சைவம்னு ஒரு வார்த்தை சொல்லிரு.

மாப்பிள்ளை: சொல்லலாம். மீனு, கறி எதுவும் கண்ணுல படாது. மிஸோ சூப் வரும். பெரும்பாலும் காய்ஞ்ச சூரை மீனைச் சீவிக் கொதிக்க வெச்ச தண்ணியில போட்டதுதான். வெந்த கீரைக்கும் அந்தத் தண்ணிதான். மீனைத்தான் வடிகட்டி எடுத்துட்டமே, அப்புறம் என்னன்னு நினைப்பாங்க.

மாமா: மீன் குளிச்ச தண்ணியாடா!

மாப்பிள்ளை: சுத்த சைவம்னா வக்காயாமா மாகாணத்துல கோயாசான் மலைக்குப் போங்க. பௌத்த மடங்கள்லயே தங்கலாம். கொம்புன்னு ஒரு கடற்பாசி, ஷீடாக்கே காளான், இதுல எடுத்த சாறுதான் சூப்புக்கு. ஆனா அது மடம், குடும்பம் இல்ல.

மாமா: மடமெல்லாம் நம்ம ஊர்லயே இருக்கு. வெறும் சோத்தைத் தின்னுக்கிறேன் போ. குளியலாவது நம்ம இஷ்டம்தானே?

மாப்பிள்ளை: விருந்தாளிக்குத்தான் பெரும்பாலும் முதல் குளியல். தொட்டிக்கு வெளியில குட்டி ஸ்டூல்ல உக்காந்து, சோப்பு போட்டு, நுரை போக அலசிட்டு, அப்புறம்தான் வெந்நீர்த் தொட்டிக்குள்ள இறங்கணும். அதே தண்ணியிலதான் அடுத்தடுத்து எல்லாரும் இறங்குவாங்க.

மாமா: அதே தண்ணியா? சே! நான் உள்ளயே நல்லாத் தேய்ச்சுக் குளிச்சுட்டு, வர்றப்ப அடைப்பானைப் பிடுங்கி விட்டுர்றேன். சுத்தபத்தமா இருக்கும்.

மாப்பிள்ளை: பிடுங்கி விட்டா அன்னிக்கு வீட்ல ஒருத்தரும் குளிக்க மாட்டாங்க மாமா.

மாமா: செருப்பை வாசல்ல விடணும், அதானே? அது நமக்குப் புதுசில்ல.

மாப்பிள்ளை: வாசல்ல செருப்பு. உள்ள போட்டுக்க ஒரு சிலிப்பர். தத்தாமிப் பாய் வந்துட்டா அதையும் கழட்டணும். கக்கூசுக்குத் தனிச் சிலிப்பர், அது அந்தக் கதவைத் தாண்டக்கூடாது. மறந்து அதோடயே கூடத்துக்கு வந்தீங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பாட்டி இருந்தா உங்க காலைப் பார்த்து லேசாச் சிரிப்பாங்க. அதுக்குத் திட்டே வாங்கிக்கலாம்.

(மாமா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொள்கிறார். பாவம், இன்னும் டோக்கியோவிலேயேதான் இருக்கிறார்.)

மாமா: ராத்திரி ஒரு சின்னக் குறட்டை விடுவேன்.

மாப்பிள்ளை: அறைக்கும் அறைக்கும் நடுவுல காகிதம் ஒட்டின தள்ளுகதவு. சின்னக் குறட்டையா, பெரிய குறட்டையான்னு காலையில அவங்க முகத்தைப் பார்த்தாத் தெரியும்.

மாமா: எழுந்ததும் ஊதுபத்தி ஏத்தி, ஒரு சூடம் காட்டிட்டு...

மாப்பிள்ளை: மாமா, புல் கூரை! தீக்குப் பயந்து ஊர் முழுக்கத் தண்ணி பீய்ச்சுற குழாய் வெச்சு, வருஷா வருஷம் ஒத்திகை பார்க்கிற கிராமம் அது.

மாமா: கூடத்து நடுவுல அவங்களே அடுப்பு மூட்டுறதை வீடியோவுல பார்த்தேனே!

மாப்பிள்ளை: அது தலைமுறை தலைமுறையா அவங்க காவல் காக்கிற நெருப்பு. அந்தப் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காமக் காப்பாத்துது. உங்க சூடத்தட்டுக்கு யார் காவல்?

மாமா: அப்ப டோக்கியோவுலயே ஒரு வீடு பார்த்துக் குடு.

மாப்பிள்ளை: இங்க வீட்ல ஆள் தங்க வைக்கிறதுக்கு 2018 ஜூன்ல சட்டமே வந்துருச்சு. அதுல பதிஞ்ச வீடுன்னா வருஷத்துக்கு 180 நாளுக்கு மேல வாடகைக்கு விடக்கூடாது.

மாமா: மிச்ச 185 நாளும் என்ன பண்ணுவாங்க?

மாப்பிள்ளை: உங்களை மாதிரி ஆள் வந்துட்டுப் போனா, அசந்து தூங்குவாங்க.

மாமா: சரி, ஓட்டல்லயே ரூம் போடு. ஆனா குடும்பத்தை எப்படிப் பார்க்கிறது?

மாப்பிள்ளை: தகாயாமாவுல ஓட்டல். அங்கிருந்து ஷிரகாவாகோவுக்கு பஸ்ல 50 நிமிஷம். அங்க வாதா வீடுன்னு, ஊர்லயே பெரிய புல் கூரை வீடு. ஒரு பகுதியில இன்னும் குடும்பம் குடியிருக்கு, மீதியைப் பார்க்க டிக்கெட் குடுக்கிறாங்க. அரை மணி நேரத்துல சுத்திப் பார்த்துட்டு வந்துருங்க. உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது.